கவுன்சிலர் வேட்பாளர் எதற்கு முன்னுரிமை தர வேண்டும்?

சென்னையில் வார்டு கவுன்சிலராக நிற்பவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைகளில் முதலாவது மழைநீர் வடிகால் என்பேன். வடிகால் வாயை மண்ணும் பால் கவரும் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் வாசற்படி ஏறிவிடும். தெருவிளக்கு, குப்பை, பூங்கா ஆகியவையும் மாநகராட்சியின் வேலைதான். ஆனால் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; அதை நானே முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

ஆனால் இந்த வேலைகள் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், தமிழ்நாட்டு நகரங்களில் அது கூடியது. கிராம சபையைப் போல மக்கள் நேரில் உட்கார்ந்து குறை சொல்லும் இடம் அது. அதைத் தவறாமல் கூட்டுவீர்களா, சென்ற கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று படித்துக் காட்டுவீர்களா என்று, வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்கும்போதே அவரிடம் கேளுங்கள்.