நோகாமல் நுங்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2005 முதல் 2010 வரை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி ஆடும் இணைய விளையாட்டை ஆடியவன் நான். எங்கள் கில்டில், அதாவது ஆட்டக்காரர் சங்கத்தில், முன்னால் நின்று அடியை வாங்கும் முக்கிய டேங்க் நான்தான். வாரத்தில் நான்கு இரவுகள் ரெய்டு, பெரிய கூட்டமாகப் போகும் சண்டை. ஒரே பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மூன்று வாரம் செத்துச் செத்துப் பாடம் படித்த காலம் அது. பிறகு வேலை, குடும்பம் என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஆசை வந்து மறுபடி சந்தா கட்டி உள்ளே போனேன்.

எந்த குவெஸ்டுக்கும், அதாவது விளையாட்டு தரும் பணிக்கும், யோசிக்கவே வேண்டியதில்லை, வரைபடமே இடத்தைக் காட்டிவிடுகிறது. வழியில் நிற்கும் மிருகம் மூன்று அடியில் விழுகிறது. உச்ச லெவலை எட்டும்வரை நான் ஒருமுறைகூடச் சாகவில்லை. பட்டனை அழுத்தினால் முன்பின் தெரியாத நான்கு பேர் வந்து சேர்கிறார்கள். பதினைந்து நிமிடத்தில் டன்ஜன் என்ற குகைச் சண்டை முடிகிறது, அவரவர் பாட்டுக்குக் கலைந்து போகிறார்கள். நான் சாட்டில் வணக்கம் போட்டேன். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

நோகாமல் நுங்கு தின்ன வந்த, எப்போதாவது ஆடும் கேஷுவல் கூட்டத்துக்காக இந்த வகை விளையாட்டையே கெடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது நிஜமா, அல்லது வயதானதால் வரும் புலம்பலா? பழைய கில்டில் மிச்சமிருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து விளையாட்டின் பழைய வடிவத்தைத் தரும் கிளாசிக் சர்வருக்குப் போகலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு பழைய டேங்க்

*

அன்புள்ள டேங்க்,

பெயர் வேண்டாம் என்றதால் இப்படியே கூப்பிடுகிறேன். நான் ஹீலர். உங்களைப் போன்றவர்களைச் சாகாமல் பார்த்துக்கொண்டதிலேயே என் இருபதுகள் கழிந்தன. அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறேன்.

நீங்கள் பொற்காலமாக நினைக்கும் 2005இல், 'எவர்குவெஸ்ட்' ஆடிவிட்டு வந்தவர்கள் உங்களைப் பார்த்து இதே நுங்குக் கதையைத்தான் சொன்னார்கள். 1999இல் வந்த அந்த விளையாட்டில் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளி குறையும், லெவலே ஒன்று இறங்கிவிடவும் கூடும். கவசமும் ஆயுதமும் செத்த இடத்தில் உடலோடு கிடக்கும். வெறுங்கையோடு அதே குகைக்குள் மறுபடி போய் எடுக்க வேண்டும். நாள் கடந்தால் உடல் மறையும், அதோடு எல்லாம் போச்சு. அப்படி வாழ்ந்தவர்களுக்கு, ஆவியாக ஓடிப்போய் உடலில் புகுந்துகொண்டு எழுந்து நிற்கும் உங்கள் வார்கிராஃப்ட் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதற்கும் முன்னால், 2000இல் 'அல்டிமா ஆன்லைன்' தன் உலகத்தை இரண்டாக்கி, ஒன்றில் ஆட்டக்காரரை ஆட்டக்காரர் நினைத்தபடி கொல்ல முடியாது என்று வைத்தபோதும், விளையாட்டு செத்துவிட்டது என்று அழுதவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்று சொன்னால் கோபப்படுவீர்கள். வார்கிராஃப்ட் வெளிவருமுன், சோதனைக் காலத்தில், தொடர்ந்து நெடுநேரம் ஆடினால் கிடைக்கும் புள்ளி பாதியாகும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். எல்லோரும் திட்டினார்கள். கணக்கைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள்: பாதி என்பது வழக்கமான அளவு ஆயிற்று, முழுசு என்பது ஓய்வெடுத்துவிட்டு வந்தவருக்குக் கிடைக்கும் இரட்டிப்பு ஆயிற்று. திட்டியவர்களே பாராட்டினார்கள். அதாவது, எப்போதாவது வந்து போகிறவரை மனதில் வைத்து எழுதிய விதி, நீங்கள் வந்து சேர்ந்தபோதே அந்த விளையாட்டுக்குள் இருந்தது.

சரி, சண்டை எளிதாகிவிட்டதா? இல்லை. இதில் எனக்கு சந்தேகமே கிடையாது. 2004 நவம்பரில் வார்கிராஃப்ட் வந்தது. அதன் பெரிய பாஸ் ராக்னரோஸ் முதன்முதலாக விழ ஏறத்தாழ ஐந்து மாதம் ஆனது. 2019 ஆகஸ்டில் கிளாசிக் சர்வர்கள் திறந்தபோது அதே ராக்னரோஸ் ஒரு வாரம் தாங்கவில்லை. கொன்ற குழுவில் சிலர் உச்ச லெவலைக்கூட எட்டியிருக்கவில்லை. கிளாசிக்கில் வைத்தது, பல திருத்தங்களுக்குப் பின் வந்த கடைசிப் பதிப்பு, உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பதினைந்து வருடத்தில் ஆட்டக்காரர்கள் ராக்னரோஸின் குகையைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். உங்கள் நாற்பது பேர் ரெய்டை நினைத்துப் பாருங்கள். அதில் எத்தனை பேர் உண்மையில் சண்டை போட்டார்கள்? எங்கள் குழுவில் ஒருவர் பாதிச் சண்டைக்குத் தூங்குவார், வெடிகுண்டு அவர்மேல் விழும் நாளில் மட்டும் எங்களுக்கு அது தெரியவரும். இன்றைய மித்திக் ரெய்டில், அதாவது மிகக் கடினமான நிலையில், இருபதே பேர். ஒருவர் கால் தப்பாக வைத்தால் இருபது பேரும் காலி. 2017இல் கில்ஜேடன் என்ற பாஸை மித்திக் நிலையில் முதலில் வீழ்த்திய குழு, அதற்குமுன் அறுநூறு தடவைக்கு மேல் தோற்றது. இன்னொரு இணைய விளையாட்டான 'ஃபைனல் ஃபேன்டசி 14'இன் மிகக் கடினமான அல்டிமேட் சண்டைகளையும் ஒருமுறை பாருங்கள். நானெல்லாம் இரண்டாம் நிமிடத்தைத் தாண்ட மாட்டேன்.

அப்படியானால் நீங்கள் பார்த்தது என்ன? சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் ஓர் உலகம் இருந்தது. எளிதானது அது. இத்தனைக்கும் அதைக் கடினம் என்று சொல்வதே தப்பு, தொல்லை என்று சொல்லலாம். எவர்குவெஸ்டில் மந்திரம் போடுகிறவர்கள் சக்தி தீர்ந்தால் தரையில் உட்கார வேண்டும். ஆரம்ப லெவல்களில் மந்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்தால்தான் சக்தி வேகமாக ஏறும், அந்தப் புத்தகமோ திரையை மறைத்துக்கொள்ளும். எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. இதில் என்ன திறமை இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் வெறுமனே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். கண் மறைந்து உட்கார்ந்திருப்பவனுக்கு 'பின்னால் ஒன்று வருகிறது' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். செத்த உடலைத் தன் பக்கம் இழுத்துத்தர ஒரு நெக்ரோமான்ஸர், இழந்த புள்ளியில் பெரும்பகுதியை மீட்டு எழுப்ப ஒரு கிளெரிக். கெஞ்சிக் கூத்தாடி யாரையாவது வரவழைக்க வேண்டும். வந்தவரை அப்புறம் மறக்க முடியுமா?

இதைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. 2008இல் 'ஃபைனல் ஃபேன்டசி 11'இல் ஒரு குழு பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே பாஸோடு மல்லுக்கட்டி, ஆட்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் பாதியில் விட்டது. அதன்பின் அந்தச் சண்டைக்கே நேர வரம்பு வைத்தார்கள். அதை எளிதாக்கிவிட்டார்கள் என்று யாராவது அழுதால், அவரோடு எனக்குப் பேச்சில்லை.

என் கணக்கில் உண்மையான திருப்பம் 2009 டிசம்பர். வார்கிராஃப்டில் டன்ஜன் ஃபைண்டர், அதாவது நீங்கள் சொன்ன ஆள் சேர்க்கும் பட்டன், வந்த மாதம். குவெஸ்ட் இடத்தை வரைபடத்தில் காட்டும் வசதியும் அதே திருத்தத்தில்தான் வந்தது. நீங்கள் அப்போது உள்ளேதான் இருந்தீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன் ஒரு டன்ஜனுக்குப் போக நகரத்தில் நின்று கத்த வேண்டும். டேங்க் கிடைத்தால் ஹீலர் இல்லை, ஹீலர் வந்தால் டேங்க் கிளம்பியிருப்பார். எல்லோரும் சேர்ந்தபின் வாசல்வரை நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் இதிலேயே போகும். ஆனால் அந்த நால்வரும் உங்கள் சர்வர்காரர்கள். நாளைக்கும் அதே நகரத்தில் நிற்பார்கள். பொருளைத் திருடிக்கொண்டு ஓடியவன் பெயர் இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பொறுமையான டேங்குக்குத் தூது மேல் தூது வரும். பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

பட்டன் வந்ததும் பல சர்வர்களிலிருந்து ஆள் பொறுக்கிச் சேர்த்து நேராக உள்ளே இறக்கிவிட்டார்கள். இனி பார்க்கவே போகாதவரிடம் நல்லபடி நடந்துகொள்ள என்ன அவசியம்? உங்கள் வணக்கத்துக்குப் பதில் வராததன் காரணம் இதுதான். அந்த நான்கு பேரும் வீட்டில் நல்லவர்களாகவே இருப்பார்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நீங்கள் அவர்களுக்கு ஒரு டேங்க், அவ்வளவுதான்.

ஒரு வாக்குமூலம். அந்தப் பட்டன் வந்த வாரம் நான் துள்ளிக் குதித்தேன். ஒரே நாளில் ஏழு டன்ஜன் ஓடினேன். எதை இழந்தேன் என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. அதற்குள் என் நண்பர் பட்டியலில் பாதிப் பேர் ஆடுவதை நிறுத்தி, சாம்பல் நிறமாகியிருந்தார்கள்.

ஆகவே கேஷுவல்கள்மேல் பழி போடாதீர்கள். அந்தப் பட்டனை வாரத்தில் அதிகத் தடவை அழுத்தியவர்கள் நீங்களும் நானும்தான். தயாரிக்கிறவர்களின் சிக்கலையும் பாருங்கள். 2006இல் நாற்பது பேருக்காகக் கட்டிய நாக்ஸ்ராமஸ் என்ற ரெய்டை முடித்தவர்கள் மிகச் சிலர். அத்தனை உழைப்பையும் பெரும்பாலானோர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. 2008இல் அதையே பத்துப் பேர், இருபத்தைந்து பேர் அளவில் எளிதாக்கி மறுபடி திறந்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 2010 கடைசியில் டன்ஜன்களை வேண்டுமென்றே இறுக்கியும் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்தான் 1.2 கோடி சந்தாதாரர்கள் என்ற உச்சத்தைத் தொட்டிருந்தார்கள், அடுத்த வருடம் எண்ணிக்கை சரிந்தது. இறுக்கியது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறுக்கியதால் யாரும் ஓடி வரவும் இல்லை. கடினம், கடினம் என்று மார்தட்டி 2014இல் வந்த 'வைல்ட்ஸ்டார்' நாற்பது பேர் ரெய்டு, அதற்குள் நுழையவே நீளமான தகுதிச் சங்கிலி என்று நீங்கள் கேட்ட அத்தனையும் தந்தது. 2018இல் கடையை மூடினார்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. 2014இல் வார்கிராஃப்ட் காசு வாங்கிக்கொண்டு நேராக 90ஆம் லெவலுக்குத் தூக்கிவிட ஆரம்பித்தது. லெவல் ஏறும் பயணம் ஒரு தொந்தரவு, பணம் கொடுத்தால் தவிர்க்கலாம் என்று, அந்தப் பயணத்தைக் கட்டியவர்களே விலைப்பட்டியல் போட்டுச் சொல்கிறார்கள். அப்புறம் அதை எதற்குச் செதுக்குவார்கள்? வழியில் நிற்கும் மிருகம் மூன்று அடியில் விழுந்ததாக எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் உங்கள் புகார் நூற்றுக்கு நூறு சரி. சாகவே முடியாத காட்டில் பக்கத்தில் போகிறவரின் உதவி எதற்கு? உதவி தேவைப்படாத இடத்தில் அவர் யாராயிருந்தால் என்ன? ரெய்டின் உச்சியில் மலை போலக் கஷ்டத்தை வைத்துவிட்டு, அதற்குப் போகும் பாதை முழுக்கப் பஞ்சு மெத்தை போட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் மெத்தையிலேயே சலித்துப்போய்த் திரும்பிவிடுகிறார். கேஷுவல் ஆட்டக்காரர் கேட்டது குறைந்த நேரத்தில் ஆடக்கூடிய விளையாட்டு. அவருக்குக் கிடைத்தது ஆபத்தே இல்லாத விளையாட்டு. இரண்டும் ஒன்றென்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவுசெய்திருக்கிறார்கள்.

2013இல் பழைய சர்வர்கள் கிடைக்குமா என்று கேட்ட ஒரு ரசிகரிடம், 'வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம்' என்று மேடையிலிருந்து பதில் சொன்னார், வார்கிராஃப்டைத் தயாரிக்கும் பிளிஸார்ட் நிறுவனத்தின் ஜே. ஆலன் பிராக். ஆறு வருடம் கழித்து அதே நிறுவனம் அதே சர்வர்களைத் திறந்தது, கூட்டம் வரிசை கட்டி நின்றது. 2023இல் ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரம் முடிந்தது என்ற ஹார்ட்கோர் சர்வர்களையும் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். நான் அதில் எட்டிப் பார்த்தேன். எதிரிகள் பழைய எதிரிகள்தான், பெரிய தந்திரம் எதுவும் தெரிந்தவர்களல்ல. ஆனால் ஒரு குகை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் நின்று, 'உள்ளே நான்கு பேர் இருக்கிறார்கள், தனியாகப் போகாதீர்கள், இருங்கள் நானும் வருகிறேன்' என்று எழுதினார். பத்து வருடத்தில் எனக்கு வந்த முதல் வாக்கியம் அது. நான் 17ஆம் லெவலில் செத்தேன், அது வேறு கதை.

எனவே கிளாசிக்குப் போங்கள், முடிந்தால் ஹார்ட்கோருக்கே போங்கள். ராக்னரோஸ் உங்களை மூன்று வாரம் அழவைப்பான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவனுடைய ஒவ்வொரு அசைவையும் ஆயிரம் வீடியோக்களில் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். முதல் மாதம் யாரும் வழிகாட்டி எதையும் படிக்கக்கூடாது என்று உங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் திருட்டுத்தனமாகப் படிப்பார். அது யார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும்.

நாலைந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஹீலர் இருக்கிறாரா என்று சொல்லவில்லை. இல்லையென்றால் எழுதுங்கள். வாரத்தில் நான்கு இரவெல்லாம் இனி என்னால் ஆகாது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் வருகிறேன்.