முகம் கொடுக்காத துப்பாக்கிக் கடை: கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உன் கேள்வியைச் சுருக்கி மேலே வைக்கிறேன். உன்னைப் போலப் புதிதாக வந்த மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

வேலை விசாவில் டெக்சாஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். ஆபீசில் ஒருவர், "ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வை" என்றார். சனிக்கிழமை, வீட்டுக்கு அருகில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குப் போனாய். இருபது நிமிடம் யாரும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்குப் பின்னால் வந்தவரைக் கவனித்து அனுப்பினார்கள். கடைசியில் உன் டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, விசாவா என்று கேட்டு, "உனக்கு விற்க முடியாது" என்று அதைத் தள்ளிவிட்டார்கள். "அக்கா, நான் கறுப்பாக இருப்பதாலா? வேறு கடைக்குப் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

வேறு கடைக்குப் போகாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இதில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. உனக்கு விற்க மறுத்தது சட்டம். உன்னை இருபது நிமிடம் நிற்க வைத்தது மரியாதைக் குறைவு. முதலாவதில் கடைக்காரர் சரி, இரண்டாவதில் தவறு. ஏன் மறுக்கிறோம் என்று உட்கார வைத்து இரண்டு வரி சொல்லியிருந்தால் நீ இரவெல்லாம் தூங்காமல் எனக்கு எழுதியிருக்க மாட்டாய்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். 1998-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. எச்1பி, எஃப்1, எல்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. டெக்சாஸில் துப்பாக்கி வாங்கத் தனி உரிமம் தேவையில்லை, 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்றெல்லாம் ஆபீசில் சொல்லியிருப்பார்கள். அது சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கு. உன் லைசென்ஸில் 'லிமிடெட் டெர்ம்' (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்) என்று அச்சடித்திருக்கிறது, பார். கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் படித்திருப்பார். தெரிந்தே உனக்கு விற்றால் அவருடைய கடை உரிமமும் போகும், வழக்கும் வரும்.

செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் சட்டத்தில் உண்டு. "ஆன்லைனில் ஒரு வேட்டை லைசென்ஸ் எடு, வேலை முடிந்தது" என்று யாராவது உனக்குச் சொல்வார்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு, அவர் எழுத்தில் தரும்வரை அந்தப் பக்கமே போகாதே. துப்பாக்கிக் குற்றம் என்று ஒன்று பதிவானால் சிறையோடு முடியாது, நாடு கடத்தவும் அதுவே காரணம் ஆகும். கொருக்குப்பேட்டையில் உன் அம்மா எதையெல்லாம் விற்று உன்னைப் படிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அதே ஆபீஸ் நண்பர், "என் பெயரில் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்து. அடுத்தவருக்காகத் தன் பெயரில் வாங்குவதைத் தனிக் குற்றமாகவே 2022-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். 15 ஆண்டு வரை சிறை. அவருக்கு நல்ல மனசுதான், ஆனால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்றையும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. டீம் அவுட்டிங் என்று ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, அழைத்துப் போவார்கள். வாடகைத் துப்பாக்கியில் பத்துக் குண்டு சுட்டு, போட்டோ எடுத்துப் போடுவார்கள். சட்டத்தில் இருக்கும் சொல் 'வைத்திருத்தல்'. உன் விசாவில் கையில் வாங்கினாலே அது பொருந்தும். நீ வெளியே உட்கார்ந்து காபி குடி, தப்பில்லை.

சரி, இப்போது மரியாதைக்கு வருகிறேன். அதுதான் உன்னை அறுக்கிறது என்று உன் கடிதத்தில் தெரிகிறது.

நாம் வளர்ந்த வடசென்னை அப்படி. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்தாலும் "அடுத்த வாட்டி வாங்கக்கா" என்பார்கள். காசிமேட்டில் மீன்காரம்மா திட்டுவார், ஆனால் உன்னைப் பார்த்துத் திட்டுவார். யாரும் பார்க்காமல் நிற்பது நமக்குப் பழக்கம் இல்லை. துப்பாக்கியும் நமக்குப் பழக்கம் இல்லை. சின்ன வயதில் நான் பக்கத்தில் பார்த்தது ஒன்றே ஒன்று, வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் நீளத் துப்பாக்கி. நகையை அடகு வைக்கப் போகும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்ப்பேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2016-இல் எனக்குக் கிரீன் கார்டு இருந்தது, அதனால் உனக்கு இருக்கும் விசாத் தடை எனக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. விடியற்காலை நாலு மணிக்கு, ஆளில்லாத பார்க்கிங்கில் கார் வரை நடக்கும்போது பயமாக இருக்கும். வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு செய்து ஒரு கடைக்குப் போனோம். வாங்க வந்தது நான். ஆனால் கடைக்காரர் கடைசி வரை வீட்டுக்காரரிடமே பேசினார். நான் கேட்ட கேள்விக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் கேட்காமலேயே ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்புறம் ஃபாரம் 4473-ஐ, துப்பாக்கி வாங்குபவர் எழுதிக் கொடுக்க வேண்டிய அரசுப் படிவத்தை, வீட்டுக்காரரிடம் நீட்டி, "சீக்கிரம் முடிந்துவிடும், நீங்கள் எழுதிக் கொடுங்கள்" என்றார். உண்மையில் வாங்குபவர் நீதானா என்பது அந்த ஃபாரத்தில் இருக்கும் கேள்வி. வீட்டுக்காரர் 'ஆம்' என்று எழுதியிருந்தால் அது பொய். என்னை மதிக்காத அதே வாயால் கடைக்காரர் எங்களைப் பொய் எழுதச் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் முழுப் பணமும் கட்டினேன். ஃபாரம் எழுதி முடித்ததும் கடைக்காரர் எஃப்பிஐ-யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். 'போகலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என்று மூன்றில் ஒரு பதில் வரும். எனக்குத் தாமதம். நம் ஆட்களுக்கு இது அடிக்கடி வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்போம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், லைசென்ஸில் ஒரு விதம் இருக்கும். மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஐந்தாம் நாளே 'போகலாம்' வந்துவிட்டது, எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை. எட்டு முறை போன் செய்தேன். "நாங்கள் கூப்பிடுவோம்" என்று வைத்துவிடுவார்கள். ஒரு சோதனை 30 நாளுக்குத்தான் செல்லும். முப்பத்திரண்டாம் நாள் நேரில் போனபோது, "காலாவதி ஆகிவிட்டது, மறுபடி ஃபாரம் எழுது, மறுபடி கட்டணம் கட்டு" என்றார்கள். எஃப்பிஐ அந்தச் சோதனைக்குக் கடையிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. வேண்டாம், பணத்தைக் கொடு என்றேன். ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டி ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று காரில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாவது கடைக்காரர் வயதானவர். சிரிக்கவில்லை, வாங்க போங்க என்று எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியையும் என்னிடம் தருவதற்கு முன் தோட்டா அறையைத் திறந்து, காலி என்று காட்டி, குழலைச் சுவர்ப் பக்கம் வைத்தே கொடுத்தார். திரும்ப வாங்கும்போதும் அதே. ஃபாரத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் நான் தயங்கினேன். "இது எல்லோருக்கும் உள்ள கேள்வி, உனக்காகப் போட்டது இல்லை" என்றார். (நம் ஆட்கள் 'அமெரிக்கன் இந்தியன்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். அது இந்த மண்ணின் பழங்குடிகளுக்கு. நமக்கு 'ஏசியன்'.) விற்ற பிறகு திரும்ப எடுக்க மாட்டேன், பழுது வந்தால் தயாரித்த கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று பணம் வாங்கும் முன்பே சொன்னார். முக்கால் மணி நேரம் என்னிடமே பேசினார்.

அதனால் நம் ஊர்க் கடையை எடை போடுவது போல இந்தக் கடைகளை எடை போட முடியாது, தம்பி. இனிக்கப் பேசி, குழலை உன் வயிற்றுக்கு நேராக நீட்டுபவன் கெட்ட கடைக்காரன். பிற்காலத்தில் கிரீன் கார்டு கிடைத்து, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால், கடைக்காரர் துப்பாக்கியைப் பிடிக்கும் கையைப் பார், பணம் திரும்பத் தரும் விதியை எழுத்தில் கேள், லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போ. எல்லாம் சரியாக இருந்தும் உன் நிறத்துக்காக மட்டும் விற்க மறுத்தால் அதற்குச் சட்டம் உண்டு. 1866-இலிருந்தே இருக்கிற உரிமை அது. உனக்கு இப்போது நடந்தது அது இல்லை. ஆனாலும் உனக்கு வலித்தது நியாயம்தான். அந்தக் கடையில் ஒரு டாலர் கூடச் செலவு செய்யாதே.

இதை நான் தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே வரும்போது ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை நான் தொடுவதே இல்லை. பையின் மூலையில் ஒரு தோட்டா மறந்து கிடந்தால் போதும், விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், 1959-இன் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்தவர்கள் உண்டு. அதற்குள் லீவும் போய், டிக்கெட்டும் போய், நிம்மதியும் போய்விடும். யாரிடமாவது பை இரவல் வாங்கினால் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பார்.

இனி, உன் பயத்துக்கு வழி. டெக்சாஸில் வாடகை வீட்டு வெளிக்கதவுக்கு, உள்ளிருந்து மட்டும் போடுகிற, வெளியே சாவித் துளை இல்லாத தாழ்ப்பாள் வீட்டு உரிமையாளர் செலவில் இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கொண்டி, கதவில் பார்க்கும் துளை, இவையும் அப்படித்தான். உன் கதவில் இருக்கிறதா என்று இன்று இரவே பார். இல்லாவிட்டால் அபார்ட்மென்ட் ஆபீசுக்கு எழுத்தில் கேள், வாயால் கேட்காதே. வாடகைதாரர் காப்பீடும் எடுத்துவிடு, திருட்டுக்கு அதுதான் பேசும்.

நேற்று கல்மண்டபம் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். தாழ்ப்பாள் போட்டதும் ஒரு போட்டோ அனுப்பு. அதை அவரிடம் காட்டுகிறேன்.