ஒரே பாஸிடம் வாரா வாரம் விழுவது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டின் 40 பேர் ரெய்டுகளை, அதாவது 40 பேர் சேர்ந்து பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளை வீழ்த்தும் கூட்டுச் சண்டைகளைப் பற்றியவை. 2004 நவம்பரில் வெளியான விளையாட்டின் பழைய வடிவத்தை, 1.12 பதிப்பின் விதிகளோடு பிளிசார்ட் நிறுவனம் 2019 ஆகஸ்டில் மறுபடி திறந்தது. கீழே உள்ள பதில்கள் அந்த வடிவத்துக்கானவை.

கேள்வி: எங்கள் கில்டில் (விளையாட்டுக் குழுவில்) உச்ச நிலையான லெவல் 60 ஆனவர்கள் ஒருவழியாக 40 பேர் தேறிவிட்டோம். மோல்டன் கோர் ரெய்டுக்கு இப்போதே போகலாமா, எல்லோரும் நெருப்பு எதிர்ப்பு உடை சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: இந்த வாரமே போங்கள். மோல்டன் கோரின் கடைசி பாஸ் ராக்னரோஸை உலகிலேயே முதலில் வீழ்த்திய அசென்ட் கில்டு அதைச் செய்தது 2005 ஏப்ரலில். விளையாட்டு வெளியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2019இல் கிளாசிக் திறந்த ஒரு வாரத்துக்குள் ஏப்ஸ் கில்டு அதே பாஸை முடித்துவிட்டது. டேலண்ட்டுகளும் (ஆற்றல் தேர்வுகள்) பொருள்களும் 1.12இல் வலுவாகியிருந்தன என்பது ஒரு காரணம். எந்த பாஸ் என்ன செய்யும், அதற்கு யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது அதைவிடப் பெரிய காரணம். நெருப்பு எதிர்ப்பு உடை ராக்னரோஸ் முன்னால் நின்று அடியைத் தாங்கும் இரண்டு டேங்குகளுக்கு இருந்தால் போதும். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கிரேட்டர் ஃபயர் புரொடெக்ஷன் போஷன் வைத்திருக்கட்டும். ஒன்று 1,950 முதல் 3,250 வரை நெருப்புச் சேதத்தை உறிஞ்சும்.

அதற்கு முன் 40 பேரும் அட்யூன்மெண்ட் என்ற நுழைவுத் தகுதிப் பணியை முடித்திருக்க வேண்டும். பிளாக்ராக் மலைக்குள், பிளாக்ராக் டெப்த்ஸ் வாசலருகே நிற்கும் லோதோஸ் ரிஃப்ட்வேக்கர் இந்தக் குவெஸ்டைத் தருவார். டெப்த்ஸின் உட்கோடியில் மோல்டன் கோர் வாசலை ஒட்டிக் கிடக்கும் கோர் ஃபிராக்மெண்ட்டை எடுத்துவந்து கொடுத்தால், அன்றிலிருந்து அவர் பக்கத்து ஜன்னல் வழியாகவே ரெய்டுக்குள் குதிக்கலாம். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வார நாள்களிலேயே இதை முடித்துவிடுங்கள். ரெய்டு இரவில் "எனக்கு இன்னும் ஆகவில்லை" என்று நான்கு பேர் சொன்னால் மற்ற 36 பேரின் பொழுதும் வீண்.

ஆள் கணக்கு (ஹண்டர், வார்லாக், மேஜ் முதலியவை பாத்திர வகைகள்): டேங்க் நான்கு, உயிரை மீட்கும் ஹீலர் பத்து, குறைந்தது இரண்டு ஹண்டர், மூன்று நான்கு வார்லாக், சாபம் நீக்க ஐந்தாறு மேஜ். மீதி இடங்களை யாரைக் கொண்டு நிரப்பினாலும் மோல்டன் கோர் தாங்கும்.

கேள்வி: முதல் பாஸ் லூசிஃப்ரானிடமே மூன்று முறை வைப் ஆனோம் (எல்லோரும் செத்தோம்). ஹீலர்களின் மானா (மந்திர சக்தி) பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னும் இரண்டு ஹீலர் சேர்க்கலாமா?

பதில்: ஹீலர் போதாமல் இது நடக்கவில்லை. லூசிஃப்ரான் ரெய்டு முழுவதன்மீதும் இரண்டு டிபஃப் (பாதிப்பு மந்திரம்) வீசுவார். ஒன்று இம்பெண்டிங் டூம்: பத்து விநாடிக்குள் நீக்காவிட்டால் ஒவ்வொருவருக்கும் 2,000 சேதம். மற்றொன்று சாபம்: எல்லா மந்திரங்களின் செலவையும் இரட்டிப்பாக்கும். ஹீலர்களின் மானாவைக் குடிப்பது இந்த இரண்டாவதுதான். டூம் மந்திர வகை. அதைப் ப்ரீஸ்ட்டும் பாலடினும் நீக்கலாம். சாபத்தை மேஜும் டிரூயிடும் மட்டுமே நீக்க முடியும். மேஜ்கள் சேதப் பட்டியலில் பெயர் ஏறவேண்டும் என்று ஃப்ராஸ்ட்போல்ட்டையே வீசிக்கொண்டிருந்தால் வைப் நிச்சயம். எட்டு குழுக்களையும் மேஜ்களுக்கு எண் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். அதில் ஹீலர்கள் இருக்கும் குழுக்களின் சாபம் முதலில் போகட்டும்.

கூடவே நிற்கும் இரண்டு காவலர்களை முதலில் கொல்லுங்கள். நம் ஆட்களின் மனதைக் கைப்பற்றி நம்மீதே ஏவுவது அவர்கள் வேலை.

லூசிஃப்ரான் விடும் டிராங்குவிலைசிங் ஷாட் புத்தகத்தை அங்கேயே ஒரு ஹண்டர் படித்துக்கொள்ள வேண்டும். அடுத்த பாஸ் மேக்மடாரின் வெறியை அடக்குவது அந்த ஷாட்தான். முதல் வாரம் ஒரே ஹண்டர்தான் இருப்பார். அவர் ஷாட் தவறினால் அடுத்ததற்குள் டேங்க் கடும் அடி வாங்குவார். அந்த நேரத்தில் ஷீல்டு வால் என்ற தற்காப்புத் திறனைப் போட டேங்க் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: கார் என்ற பாஸுக்கு எட்டு அடியாட்கள். எங்களிடம் இருப்பதோ இரண்டு வார்லாக். முடியுமா?

பதில்: முடியும். இரண்டு பேரை வார்லாக்குகள் பேனிஷ் (சற்று நேரம் செயலிழக்க வைக்கும் மந்திரம்) செய்து, மீதி ஆறை டேங்குகளுக்கும் கேடயம் ஏந்திய மற்ற வாரியர்களுக்கும் பங்கிடுங்கள். லெவல் 60இல் பேனிஷ் 30 விநாடி நிற்கும்; முடிந்த கணமே மறுபடி போடவேண்டும். அடியாட்கள் சாகும்போது வெடிப்பார்கள் என்பதால் ஒவ்வொருவரையும் கும்பலிலிருந்து சற்று விலக்கி வைத்துக் கொல்லுங்கள். ஆனால் காரை விட்டு ரொம்பத் தூரம் இழுக்கக் கூடாது. இழுத்தால் வெறி பிடித்து அடிப்பார்கள். யார் எந்த அடியாளைப் பிடிப்பது என்பதை மண்டை ஓடு, சிலுவை, நிலா என்று குறி வைத்துச் சொல்லுங்கள். "இடப்பக்கம் இருப்பவன்" என்பது சண்டை தொடங்கிய மறுநொடியே பொய்யாகிவிடும்.

கேள்வி: பாரன் கெடான் என்ற பாஸின் சண்டையில் ஒரே ஒருவர் வெடித்துப் பத்துப் பேர் போகிறார்கள். மைக்கில் கத்தியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: கெடான் நம் ஆள் ஒருவர்மீது போடும் லிவிங் பாம் விழுந்தபின் வெடிக்க எட்டு விநாடி இருக்கிறது. ஓடுவதற்கு இது தாராளம். ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கவே நான்கு விநாடி போய்விடுகிறது. அதனால் சண்டைக்கு முன்பே ஒரு சுவர் ஓரத்தைக் காட்டி, "பாம் விழுந்தால் அங்கே, வேறெங்கும் இல்லை" என்று முடிவு செய்துவிடுங்கள். தொலைவிலிருந்து தாக்கும் ரேஞ்ச் ஆட்களும் ஹீலர்களும் அந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். மைக்கில் கத்துவது ரெய்டு லீடர் ஒருவருடைய கண்ணையே நம்பியிருக்கிறது. டெட்லி பாஸ் மாட்ஸ் ஆட்-ஆன் (துணை மென்பொருள்) 40 பேர் கணினியிலும் இருந்தால் பாம் விழுந்தவருக்குத் திரையிலேயே எச்சரிக்கை வரும். வெடித்தவர் உயரத் தூக்கி எறியப்படுவார், கீழே விழும் அடியும் சேரும். ஆகவே அவருக்கென்று ஒரு ஹீலர் கண் வைத்திருக்கட்டும்.

இன்னொரு பொதுவான சாவு இன்ஃபெர்னோ. கெடானைச் சுற்றி எழும் நெருப்பு ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக்கொண்டே போகும். "இன்னும் ஒரு அடி அடித்துவிட்டு விலகலாம்" என்று நினைக்கும் ரோக்தான் முதலில் விழுவார். கெடானின் உயிர் 2 சதவீதத்துக்கு வந்ததும் அவரே வெடிக்கத் தயாராவார். அப்போது டேங்க் தவிர எல்லோரும் விலகி நின்று, ரேஞ்ச் ஆட்கள் முடித்துவைக்க வேண்டும்.

எந்த பாஸானாலும் வைப் ஆனவுடன் காம்பாட் லாக் என்ற சண்டைப் பதிவைத் திறந்து, முதலில் செத்தது யார், எதனால் என்று மட்டும் பாருங்கள். கடைசியில் செத்த முப்பது பேரின் கணக்கு எதற்கும் உதவாது. முதல் மூன்று சாவும் ஒரே காரணத்தால் என்றால் அந்த ஒரு வேலை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்று பொருள். உடை, ஆயுதம் என்று பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்தே தீரவேண்டும்.

கேள்வி: எட்டு பாஸையும் கொன்றுவிட்டோம். அடுத்த பாஸ் மேஜர்டோமோ வரவே இல்லை. இது பிழையா?

பதில்: பிழை இல்லை. லூசிஃப்ரானைத் தவிர மற்ற ஏழு பாஸ்களின் இடத்திலும் தரையில் ஒரு ரூன் (மந்திரக் குறி) எரிந்துகொண்டிருக்கும். ஏழையும் அணைத்தால்தான் மேஜர்டோமோ தோன்றுவார். அணைக்கத் தேவைப்படும் பொருள் அக்வல் குயிண்டெசன்ஸ். அஸ்ஷாராவின் கிழக்கே ஒரு தீவில் நிற்கும் டியூக் ஹைட்ராக்ஸிஸ், தம் குழுவிடம் நற்பெயரில் ஹானர்டு நிலை எட்டியவர்களுக்கு அதைத் தருவார். ஒரு குயிண்டெசன்ஸ் ஒரு ரூனுக்கு மட்டுமே. ஆக ஏழு பேர் தயாராக இருக்கவேண்டும். முதல் வாரம் இந்த நிலை எட்டியவர்கள் குறைவாக இருப்பது இயல்பு. யார் அந்த ஏழு பேர் என்று பெயர் எழுதி, ரெய்டுக்கு முந்தைய நாளே அஸ்ஷாரா அனுப்புங்கள்.

மேஜர்டோமோவை அடிக்காதீர்கள், அவருடைய எட்டு ஆட்கள் செத்தால் அவரே சரணடைவார். நான்கு ஹீலர்களையும் மேஜ்கள் ஆடாக மாற்றி வைக்கட்டும். ஒவ்வொருவராக எழுப்பிக் கொல்லுங்கள். பாதிப் பேர் செத்தபின் மிச்சமிருப்பவர்களை ஆடாக்க முடியாது. ஹீலர்களை முதலில் முடித்துவிட்டால், மிஞ்சும் நால்வரும் ஏற்கெனவே டேங்குகளிடம் இருப்பவர்கள் என்பதால் அது தொந்தரவே இல்லை. மந்திரத்தைத் திருப்பியடிக்கும் கவசம் எழும்போது மேஜும் வார்லாக்கும் பத்து விநாடி கை நிறுத்தவேண்டும்.

கேள்வி: ராக்னரோஸை 40 சதவீதம்வரை கொண்டுவருகிறோம். அதற்குள் அவர் மூழ்கி, குட்டிகள் வந்து ஹீலர்களைத் தின்றுவிடுகின்றன.

பதில்: சண்டை தொடங்கிச் சரியாக மூன்று நிமிடத்தில் அவர் எரிமலைக்குழம்பில் மூழ்குவார், சன்ஸ் ஆஃப் ஃபிளேம் என்ற எட்டுக் குட்டிகள் எழும்பும். அருகில் இருப்பவர்களின் மானாவை அவை எரிக்கும். பரவி நிற்கும் ரெய்டில் அவை ஆளுக்கொரு திசையில் ஓடும். டேங்குகளால் பிடிக்க முடியாது. ஆகவே 2 நிமிடம் 45 விநாடியில் "கூடுங்கள்" என்று சொல்லி, மானா உள்ள எல்லோரையும் ஒரே இடத்தில் குவியுங்கள். டேங்குகளும் அடிதடி ஆட்களும் அவர்களுக்கும் குழம்புக்கும் இடையே வளையமாக நிற்கட்டும். இரண்டு மூன்றை வார்லாக் பேனிஷ் செய்யலாம், அவை எலிமெண்டல் வகைதான். 90 விநாடிக்குள் எட்டும் சாகாவிட்டால் ராக்னரோஸ் மேலே வந்துவிடுவார், இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க நேரும். மீண்டும் எழும்போது அக்ரோ (யாரைத் தாக்குவது என்று பாஸ் வைத்திருக்கும் கணக்கு) முழுதும் அழிந்திருக்கும். டேங்க் ஐந்தாறு அடி போடும்வரை மற்றவர்கள் பொறுக்கவேண்டும்.

மூழ்குவதற்கு முந்தைய மூன்று நிமிடத்தில் சேதம் கூடினாலே பாதிப் பிரச்சினை தீரும். அடிதடி ஆட்கள் ஏறக்குறைய 25 விநாடிக்கு ஒருமுறை வரும் தூக்கி எறியும் அடிக்கு முன் விலகி, உடனே திரும்பிவருகிறார்களா என்று பாருங்கள். அந்த அடியில் முதல் டேங்க் பறந்தால் இரண்டாம் டேங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். யாருமே அருகில் இல்லை என்றால் அவர் மாக்மா பிளாஸ்ட் எறிந்து ஒவ்வொருவராகக் கொல்வார். ராக்னரோஸுக்கு நெருப்பு ஏறாது என்பதால் மேஜ்கள் ஃப்ராஸ்ட்டிலும் வார்லாக்குகள் ஷேடோவிலும் அடிக்கட்டும்.

கேள்வி: பிளாக்விங் லேர் ரெய்டில் வேலஸ்ட்ராஸ் என்ற பாஸ் எங்களை ஐந்து வாரமாக நிறுத்தி வைத்திருக்கிறார். கில்டில் ஆள்கள் விலகத் தொடங்கிவிட்டார்கள்.

பதில்: எத்தனையோ கில்டுகள் உடைந்தது இந்த இடத்தில்தான். ஆனால் இது கணக்குப் போட்டு வெல்லக்கூடிய சண்டை. வேலஸ்ட்ராஸ் 30 சதவீத உயிரோடு தொடங்குவார். எசன்ஸ் ஆஃப் தி ரெட் எல்லோருக்கும் வற்றாத மானாவும் ரேஜும் எனர்ஜியும் தரும், அது நிற்பது மூன்று நிமிடம்தான். 45 விநாடிக்கு ஒருமுறை அப்போதைய டேங்குக்கு பர்னிங் அட்ரினலின் வரும்: சேதம் இரட்டிப்பு, ஆனால் விநாடிக்கு 5 சதவீதம் வீதம் அதிகபட்ச உயிர் குறைந்து 20 விநாடியில் சாவு. ஹீலர் என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது. மூன்று நிமிடத்துக்கு நான்கு டேங்க் என்பது அங்கேதான் வருகிறது. ஒருவர் சாகும்போது அக்ரோவில் இரண்டாமிடம் யாருக்கு என்பதில்தான் முழுச் சண்டையும் நிற்கிறது. அது ஒரு ரோக் என்றால் வேலஸ்ட்ராஸ் திரும்பி ரெய்டின்மீது நெருப்பு ஊதுவார், கதை முடிந்தது. அக்ரோ அளவைக் காட்டும் த்ரெட் மீட்டரை எல்லோரும் திரையில் வைத்திருங்கள். நான்கு டேங்குகளும் முதல் விநாடியிலிருந்தே முழு மூச்சாக அடித்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையில் நிற்கவேண்டும். மற்றவர்கள் நான்காம் டேங்குக்குக் கீழேயே இருக்கவேண்டும், தேவைப்பட்டால் அடியை நிறுத்தியாவது.

15 விநாடிக்கு ஒருமுறை மானா உள்ள ஒருவருக்கும் அதே அட்ரினலின் வரும். அவருடைய மந்திரங்கள் அப்போது உடனடியாகப் பாயும். கூட்டத்தை விட்டு விலகி நின்று கடைசி விநாடிவரை அடிக்கட்டும். சாகும்போது வெடிப்பதால் ஹீலர்கள் நடுவே சாகவே கூடாது. ஃபயர் புரொடெக்ஷன் போஷனைச் சண்டை தொடங்குமுன் ஒன்று குடித்துவிட்டு, கூல்டவுன் (காத்திருப்பு நேரம்) முடிந்ததும் இன்னொன்று குடிக்கவேண்டும்.

இதைத் தாண்டினால் கடைசி பாஸ் நெஃபேரியன்வரை ஒனிக்ஸியா ஸ்கேல் கிளோக் எல்லோருக்கும் தேவைப்படும். அவர் தரையிறங்கும்போது ஊதும் ஷேடோ ஃபிளேம் அது இல்லாதவரைக் கொன்றுவிடும். ஒரு கிளோக்குக்கு ஒனிக்ஸியா என்ற டிராகன் பாஸின் செதில் ஒன்று, ஒரு சிண்டர்கிளாத் கிளோக், ஒரு ரூன் திரெட். செதிலை உரிக்க ஸ்கின்னிங் (தோலுரிக்கும் திறன்) 315 வேண்டும்: 300க்கு மேல் ஃபிங்கிள்ஸ் ஸ்கின்னர் கத்தி 10, கையுறை என்சான்ட் 5. ஒனிக்ஸியா ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் ரீசெட் ஆவதால் இந்த வேலையை மோல்டன் கோர் நாள்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: ஐரோப்பிய சர்வரில் சேர நினைக்கிறேன். ரெய்டு இரவு எட்டு மணிக்கு என்கிறார்கள். சென்னையிலிருந்து சரிப்படுமா?

பதில்: மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 8 என்றால் இங்கே கோடையில் 11:30, குளிர்காலத்தில் நள்ளிரவு 12:30. ரெய்டு மூன்று மணி நேரம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரம் மாறும் வாரத்தில் ரெய்டு லீடரிடம் நேரத்தை மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள். மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர் என்றால் சனி, ஞாயிறில் பகலிலேயே ரெய்டு வைக்கும் கில்டைத் தேடுவது நல்லது. பிங் (இணையத் தாமதம்) அதிகமாக இருந்தால் எதிரியின் மந்திரத்தை இன்டரப்ட் செய்து நிறுத்தும் பொறுப்பை ஏற்காமல் ஹீலராகவோ வார்லாக்காகவோ போங்கள்.