பாதையே இல்லாத பள்ளத்தாக்கில் ஏறி, மலைமுகட்டின் மேல் நடக்க எப்படித் திட்டமிடுவது?

முதலில் நேரக் கணக்கு. 1892இல் வந்த நெய்ஸ்மித் விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இது நல்ல பாதைக்குத்தான். பாறைக்குவியலில் இரண்டு மடங்கு வையுங்கள். அடர்ந்த புதரில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம்.

பள்ளத்தாக்கில் ஆறுதான் தலைவலி. பனி உருகி வரும் ஓடை பிற்பகலில் பெருகி, விடியற்காலையில் வடியும். அதனால் ஓடைக்கு இக்கரையில், கரையைவிட்டு மேடான இடத்தில் கூடாரம் போட்டு, விடிந்ததும் கடந்துவிடுங்கள். குறுகலான இடம் பார்க்கத்தான் சுலபம். ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். ஆறு அகன்று கிளைகளாகப் பிரியும் இடமே மேல். இறங்குமுன் பையின் இடுப்புப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடியும். வேகமான தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலோ, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ காத்திருங்கள்.

முகட்டுக்கு ஏற, வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) தள்ளித்தள்ளி, அதாவது சரிவு குறைவாக, இருக்கும் கிளைமுகட்டை (முகட்டிலிருந்து பிரிந்து இறங்கும் மேட்டை) பிடியுங்கள். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வித்தியாசம் 20 மீட்டர் என்றால், 15 மீட்டர் செங்குத்துப் பாறை வரைபடத்தில் தெரியாமலே போகலாம். இறங்கும்போது இதுதான் மாட்டிவிடும்: மேலிருந்து பார்த்தால் சரிவு தொடர்வது போலவே இருக்கும். ஓடையைப் பிடித்து இறங்குவதும் வேண்டாம், பெரும்பாலும் அருவியில் முடியும்.

முகட்டில் தண்ணீர் கிடைக்காது, கீழேயே நிரப்புங்கள். இடி கேட்டால் உடனே இறங்க வேண்டும், அதற்கான சரிவுகளை முன்பே வரைபடத்தில் குறித்துவையுங்கள்.