2-இன் ஒரு லட்சமாவது அடுக்கில் இலக்கங்களைக் கூட்டுவது எப்படி?

2-இன் 1,00,000-ஆவது அடுக்கின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றினால் 4300 இலக்கத்துக்கு மேல் முடியாது என்று பிழை வருகிறது, 10-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மெதுவாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேரத்தில் பைத்தான் சொல்லித் தருகிறேன். ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு மாணவி போன மாதம் இதே சிக்கலோடு வந்தாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பைத்தான் பெரிய எண்ணை நம்மைப் போலப் பத்துப் பத்தாக வைத்துக்கொள்வதில்லை. இன்றைய கணினிகளில் 30 பிட் (இரும எண்ணின் 0 அல்லது 1) கொண்ட துண்டுகளாக வைக்கிறது. உங்கள் எண்ணுக்கு 3334 துண்டுகள். 10-ஆல் ஒரு முறை வகுத்தால் எல்லாத் துண்டுகளையும் தொட்டாக வேண்டும், கிடைப்பதோ ஒரே ஒரு இலக்கம். இலக்கங்கள் மொத்தம் 30,103. எண் போகப் போகச் சிறுத்தாலும் கிட்டத்தட்ட 5 கோடி வேலை. மலையிலிருந்து காப்பி மூட்டை இறக்க, மூட்டைக்கு ஒரு தடவை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவது மாதிரி. அவளுக்கு இது உடனே புரிந்துவிட்டது.

ஸ்ட்ரிங்காக மாற்றுவது இதைவிட எவ்வளவோ வேகம். 4300 எல்லையை 2022 செப்டம்பரில் பாதுகாப்புக்காகச் சேர்த்தார்கள். யாராவது பிரம்மாண்டமான எண்ணை அனுப்பி சர்வரைத் திணறடித்துவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் சொந்த நிரலில் அந்த எல்லையை 0 என்று வைத்தால் தடை நீங்கிவிடும். அதைத் தொட வேண்டாம் என்றால் 10-இன் 4000-ஆவது அடுக்கால் வகுத்து, மீதியை ஸ்ட்ரிங்காக்கிக் கூட்டுங்கள்; ஈவு 0 ஆகும் வரை அதையும் இதே மாதிரி வகுத்துக்கொண்டே போங்கள். இப்படி 4000 இலக்கத் துண்டுகள் எட்டிலேயே முடிந்துவிடும். வகுக்கும்போது இரட்டைச் சாய்கோடு போடுங்கள். ஒற்றைக் கோடு தசம எண்ணாக மாற்றப் பார்க்கும். இவ்வளவு பெரிய எண் அதில் அடங்காமல் பிழை வரும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். மீதியின் முன்னால் வரும் பூஜ்யங்கள் ஸ்ட்ரிங்கில் காணாமல் போகும். கூட்டலுக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் அந்த மாணவி அப்புறம் எத்தனை பூஜ்யம் இருக்கிறது என்று எண்ணப் போனபோது கணக்கு குறைந்தது. கடைசித் துண்டைத் தவிர மற்றவற்றை 4000 இலக்கத்துக்கு இடப்பக்கம் பூஜ்யம் இட்டு நிரப்பியதும் சரியானது.

விடையைச் சரிபார்க்க நம் பழைய ஒன்பது வழியே போதும். எண்ணை 9-ஆல் வகுத்த மீதியும் இலக்கக் கூட்டலை 9-ஆல் வகுத்த மீதியும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு 7 வர வேண்டும். முதலில் 2-இன் 1000-ஆவது அடுக்கில் ஓட்டிப் பாருங்கள்: 302 இலக்கங்கள், கூட்டல் 1366.

கடைசி மூன்று இலக்கம் மட்டும் போதும் என்றால் எண்ணை உருவாக்கவே வேண்டாம். அடுக்கு காணும் பவ் ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக 1000 கொடுங்கள், 376 வந்துவிடும். முதல் இலக்கங்களுக்கு 10 அடிமான லாக் (மடக்கை) போதும்: 1,00,000-ஐ 2-இன் லாக்கால் பெருக்கினால் 30102.99957, அதனால் எண் 9990 என்று தொடங்குகிறது. ஆனால் இலக்க எண்ணிக்கைக்கு லாக்கை கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பதினைந்து 9 கொண்ட எண்ணுக்கு அது 16 இலக்கம் என்று சொல்லிவிடும்.