முதலில் அப்பாவுக்கு, அப்புறம் மகளுக்கு

கேள்வி: என் கணவருக்கு வயது 36, துணிக்கடையில் கணக்கு வேலை, கைக்கு 42,000 வருகிறது. நான் வீட்டிலேயே தைத்து மாதம் ஏழெட்டாயிரம் சம்பாதிக்கிறேன். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2. ஏழு வருடமாக ஒரு பாலிசிக்கு மாதம் 3,000 கட்டுகிறோம், காப்புத்தொகை 5 லட்சம். நகைச்சீட்டு 5,000. மகளின் படிப்புக்கென்று மாதம் 4,000 கட்டி இன்னொரு பாலிசி போடச் சொல்கிறார் தெரிந்த ஏஜெண்ட். போடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 5 லட்சம்தான். வீட்டுக்கு வரும் 50,000 ரூபாயில் 42,000 ஒரே ஆளின் உழைப்பு. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தொகை எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வருடம் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

என் பெரியப்பா தவறிய மறுவாரம் பெரியம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே நாலு பாலிசிப் பத்திரங்கள், ரசீதுகள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ஒரு தவணை தவறாமல் கட்டியிருக்கிறார் மனிதர், ஆனால் நாலையும் கூட்டினால் மூன்று லட்சத்தைத் தொடவில்லை, அதிலும் ஒன்றின் மேல் கடன் வேறு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் டேர்ம் பாலிசியைத்தான் சொல்கிறேன், அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் ஆள் தவறினால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி.

ஆள் நன்றாக இருந்தால் இதில் கட்டிய பணம் திரும்பி வராது, அதனால்தான் நம் வீடுகளில் இதை வீண் செலவு என்கிறார்கள். ஆனால் ஆண்டு வருமானத்தைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு, அதாவது உங்கள் கணவருக்கு 50 முதல் 75 லட்சம் வரையிலான பாதுகாப்பு, மாதம் ஓராயிரம் சொச்சத்தில் இதில் மட்டும்தான் கிடைக்கும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் கிடையாது. விண்ணப்பத்தில் பிபி, சுகர், புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள், பின்னால் அலைவது நீங்கள்தான். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கக் கேளுங்கள், 1874-லேயே வந்த சட்டம் அது. அப்படி எடுத்தால் வரும் பணம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான், அவருடைய கடன்காரர்கள் கைவைக்க முடியாது.

டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு, அதற்கு முன்னால் அல்ல, பழைய பாலிசியை 'பெய்ட் அப்' செய்தால், அதாவது இனி கட்டாமல் குறைந்த காப்புத்தொகையோடு அப்படியே விட்டுவைத்தால் என்ன வரும், சரண்டர் செய்தால், அதாவது இப்போதே முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டால் என்ன வரும் என்று கிளையில் எழுத்தில் வாங்குங்கள். ஏழு வருடம் கட்டியாகிவிட்டதே என்ற மனக்கஷ்டத்துக்காக மட்டும் மீதி வருடங்களையும் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

மகளுக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து வட்டி 8.2 சதவீதம், காலாண்டுக்கொரு முறை அரசு மாற்றலாம். மாதம் 2,000 வீதம் 15 வருடம் கட்டினால் 3.6 லட்சம், இதே வட்டி நீடித்தால் கணக்கு முடியும் 21-வது வருடத்தில் 11 லட்சத்தை ஒட்டி வரும். ஆனால் அப்போது அவளுக்கு வயது 27 ஆகியிருக்கும்! கல்லூரிக்கு 18 வயதில் முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரைதான் எடுக்கலாம், உங்கள் கணக்கில் அது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அதனால் ஏஜெண்ட் கேட்ட 4,000-இல் மீதி 2,000-ஐ மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் (மாதாமாதம் கட்டும் முறை), பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள், பன்னிரண்டு வருடம் இருக்கிறது, ஏற்ற இறக்கம் தாங்கும். செல்வமகளில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், ஆறாம் தேதி கட்டிய பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.

நகைச்சீட்டு ஓடுகிறது, முடியட்டும். அடுத்ததைத் தொடங்காமல் அந்த 5,000-ஐ ஆறு மாதச் செலவு சேரும்வரை வங்கி ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். வங்கிப் பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, நகைக்கடையில் கட்டும் பணத்துக்கு இல்லை.

கேள்வி: அப்பா 60 வயதில் ஓய்வு பெற்றார், 12 லட்சம் வந்திருக்கிறது. ஊரில் ஒருவர் லட்சத்துக்கு மாதம் 3,000 தருகிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள். வருடத்துக்கு 36 சதவீதம் கொடுக்கும் நேர்மையான தொழில் எதையும் நான் பார்த்ததில்லை, முதல் நாலைந்து மாதம் ஒழுங்காக வருவது உங்கள் பணமேதான். 2 லட்சத்தை வங்கியில் எடுக்கிற மாதிரி வைத்துவிட்டு, 10 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் அவர் கணக்குக்கே வரும், தொடங்கும்போதுள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. அம்மாவையும் கூட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.