பர்மா மழைக்காலத்தில் மாட்டுச் சாணம், கோழி எச்சம்: வாசகர் கேள்வி-பதில்

எட்டு மாடு வைத்திருக்கிறோம். எருக்குழிக்கும் கிணற்றுக்கும் இருபதடி இடைவெளி. பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா? (பெகு)

கிருமிக்குப் போதும், ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் அவை சாகும். ஆனால் சாணத்திலிருந்தும் கோமியத்திலிருந்தும் ஊறிவரும் நைட்ரேட் என்ற உப்பு கொதித்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்றைப் பரிசோதிக்கும்வரை கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

எருவைக் கிணற்றிலிருந்து நூறடியாவது தள்ளி, மேட்டுப்பக்கம் இல்லாமல் பள்ளப்பக்கமாகக் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறுகிற தாழ்நிலத்தில் குழியே கூடாது. குழியின் அடி ஊற்றைத் தொட்டுவிடும். தரைக்கு மேல் அரையடி உயர சிமெண்ட் மேடை, சுற்றிலும் வரப்பு, மேலே தகரக் கூரை. மூன்றில் கூரைதான் முக்கியம். எட்டு மாடு நாளுக்கு எண்பது கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும்; அதன்மேல் மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டினால் எந்த வரப்பும் தாங்காது.

பச்சைச் சாணியைக் கீரைப் பாத்தியில் போடலாமா? (மோல்மீன்)

கூடாது. பச்சையாகத் தின்கிற இலையில் குடல் கிருமியும் புழுமுட்டையும் ஒட்டும். சாணத்தோடு வைக்கோலைக் கலந்து, நான்கடி உயரத்துக்குக் குவியுங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும். இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி உருவுங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் எரு வேகிறது என்று அறியலாம். வெளிப்புறம் சூடேறாது என்பதால், சூடு தணியும்போதெல்லாம் வெளியிலுள்ளதை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள். சூடே ஏறாவிட்டால் ஈரம் மிகுதி அல்லது வைக்கோல் மிகுதி.

கோழிக் கொட்டகைக்குக் கீழே மீன்குளம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. (துவாந்தே)

எச்சம் மக்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. மேகமூட்ட நாளில் வெயில் இல்லாததால், ஆக்சிஜன் விடும் பாசியும் ஈடுகட்டாது. அன்றே புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள், தீனியை நிறுத்துங்கள், கூண்டுக்குக் கீழே தட்டி கட்டி எச்சத்தைத் தனியே வாருங்கள். கோழிக்குக் கொடுக்கும் மருந்தும் எச்சத்தோடு குளத்தில்தான் சேர்கிறது. செத்த கோழியைக் குளத்தில் போடுவது மிகத் தவறு. 2006-இல் பர்மாவில் பறவைக் காய்ச்சல் கண்டதை மறக்க வேண்டாம். கோழிகள் கூட்டமாகச் செத்தால் தொடாமல் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கோழிக் கொட்டகையில் கண் எரிகிறது. சுண்ணாம்பு தூவலாமா? (ரங்கூன்)

வேண்டாம். கண்ணை எரிப்பது எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாயு. தரையில் பரப்பிய ஈர உமியில் சுண்ணாம்பு பட்டால் அது இன்னும் கிளம்பும். நனைந்த உமியை அள்ளி எறிந்து புது உமி போடுங்கள். ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள்.

சாண எரிவாயுத் தொட்டியை இறங்கிச் சுத்தம் செய்யலாமா? (டாங்கூ)

யாரும் இறங்கக் கூடாது. அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு முதலில் அழுகிய முட்டையாய் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதென்று நம்பி இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே செத்துப்போகிறார்கள். மேலிருந்தே பம்பு வைத்து இறையுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல், தீயணைப்புக்காரர்களை அழைத்துவிட்டு, மேலிருந்து கயிறு வீசுங்கள்.